கோல்ஃப் மட்டைத் தண்டு: அளவறிந்து வெட்டுவோம்

சாலாக் செலாத்தானில் உள்ள எங்கள் வீட்டுச் சாமான் அறையில் ஒரு பழைய கோல்ஃப் பை நெடுங்காலமாக மூலையில் நின்றிருந்தது. அது என் பெரியப்பாவுடையது. இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்ட அவர், 1960-களின் பிற்பகுதியில் பள்ளி விட்ட மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோலாலம்பூரில் ஒரு மன்றத்தில் ‘கேடி’யாக வேலை பார்த்தவர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பதால் புன்னகைக்க வேண்டாம். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு உடன் நடப்பவரைத்தான் கோல்ஃப் உலகம் அப்படி அழைக்கிறது. அவர் வேலையை விட்டு விலகிய நாளில் உறுப்பினர் ஒருவர் தம் பழைய மட்டைகளைக் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் ஆறடிக்கு மேல் உயரமானவர். மட்டைகளும் அவர் உடலுக்கென்றே சற்று நீட்டிச் செய்யப்பட்டவை. பெரியப்பாவோ ஐந்தடி மூன்று அங்குலம்.

அந்த மட்டைகளைக் கொண்டுதான் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் விட்டுவிட்டு ஆடினார். எவ்வளவு கவனமாக அடித்தாலும் பந்து இடப்பக்கமே போகும். “என் கைதான் கோணல்டா” என்று சொல்லிச் சிரிப்பார். அதற்கு ஏற்றாற்போல் இலக்கிற்கு வலப்புறம் பார்த்து நின்று அடிக்கவும் பழகிக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் புறப்பாட நடவடிக்கையாகக் கோல்ஃபைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பையை நான் எடுத்துக்கொண்டேன். என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். மட்டை நீளமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உடனே 7-ஆம் எண் அயர்ன் மட்டையின் கைப்பிடியைக் கழற்றி, இரும்பறுக்கும் ரம்பத்தால் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டேன். அளக்கவில்லை, பெரியப்பாவிடம் கேட்கவும் இல்லை. மறுநாள் அடித்துப் பார்த்தபோது மட்டையின் முனையில் தலை இருப்பதே தெரியவில்லை. பந்தும் வலப்பக்கம் ஓடியது. ஒரு பிழையைத் திருத்தப் போய் அதற்கு எதிரான பிழையைச் செய்திருந்தேன்.

அந்த மட்டையைச் சரிசெய்ய அலைந்தபோது கற்றுக்கொண்டவற்றையே இக்கட்டுரையில் எழுதுகிறேன். தண்டை வெட்டுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஓர் அங்குலம் வெட்டினால் நீளம் மட்டும் குறைவதில்லை. எடையின் உணர்வு, தண்டின் விறைப்பு, தலை தரையில் அமரும் கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்து மாறுகின்றன. இதை அறிந்த பிறகே ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

நம் மண்ணும் இந்த ஆட்டமும்

கோல்ஃபுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 1848-ஆம் ஆண்டளவில் கோல்ஃப் பந்தின் வரலாற்றையே மாற்றியது ‘கெத்தா பெர்ச்சா’ என்னும் மரப்பால். அம்மரம் மலாயாக் காடுகளுக்கு உரியது. 1898-இல் இரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தது. இன்றும் பெரும்பாலான மட்டைகளின் கைப்பிடி இரப்பரால் ஆனதே. இரப்பர் என்றதும் தோட்டமும் பால்மரம் வெட்டிய நம் முன்னோரும் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது.

சிலாங்கூர் கோல்ஃப் மன்றம் 1893-இல் தொடங்கப்பட்டது. இன்று அது ‘ராயல்’ பட்டத்துடன் விளங்குகிறது. எங்கள் சாலாக் செலாத்தானிலிருந்து சுங்கை பீசியைத் தாண்டினால் வரும் மைன்ஸ் கோல்ஃப் திடல், பெரும் ஈயச் சுரங்கமாக இருந்த நிலம். 1999-இல் உலகக் கிண்ணக் கோல்ஃப் போட்டி அங்குதான் நடந்தது. டைகர் வூட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். புக்கிட் கியாராவில் இன்று கோல்ஃப் திடல் பரந்திருக்கும் இடத்தில் முன்பு தோட்டம் இருந்தது. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டு, நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தன.

மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்றோர் நாட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றார்கள். ஆயினும் நம்மில் பலருக்குக் கோல்ஃப் முதலில் வந்தது பை சுமக்கும் வேலையாகவோ பிறர் கொடுத்த பழைய மட்டையாகவோதான். இன்றைய மாணவனுக்கும் கைக்கு எட்டுவது பழைய மட்டைதான். பழைய மட்டை என்றாலே அது வேறொருவர் உடலுக்கு அளவெடுத்த மட்டை. ஆகவே நீளம் பற்றிய அறிவு நமக்குக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

மட்டையின் நீளம் எவ்வளவு?

இக்கட்டுரையில் கடைக்காரர்கள் ‘ஷாஃப்ட்’ என்பதைத் தண்டு என்கிறேன். தண்டின் இரு முனைகளில் கைப்பிடி மாட்டும் பக்கத்தைப் பிடிமுனை என்றும், தலை பொருத்தும் பக்கத்தைத் தலைமுனை என்றும் வைத்துக்கொள்வோம்.

முற்காலத்தில் தண்டு ஹிக்கரி என்னும் மரத்தால் செய்யப்பட்டது. எஃகுத் தண்டை அமெரிக்க ஆட்சிக்குழு 1924-இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆட்சிக்குழு 1929-இலும் ஏற்றுக்கொண்டன. எஃகு வந்த பிறகே ஒரே சீரான மட்டைத் தொகுதிகளை ஆலைகளில் பெருமளவில் செய்ய முடிந்தது. பின்னர் கார்பன் இழையால் ஆன கிராஃபைட் தண்டுகள் வந்தன.

இன்று கடைகளில் கிடைக்கும் ஆண்களுக்கான மட்டைகளில் டிரைவர் ஏறத்தாழ 45 முதல் 46 அங்குலம் இருக்கும். 5-ஆம் எண் அயர்ன் 38 அங்குலம், 7-ஆம் எண் 37, 9-ஆம் எண் 36. அதாவது எண் ஒன்று கூடக்கூட நீளம் அரை அங்குலம் குறையும். பந்தைக் குழிக்குள் தள்ளும் ‘பட்டர்’ பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறுபடும். பழைய மட்டைகள் இன்னும் குட்டையாக இருப்பதும் உண்டு.

விதிப்படி எந்த மட்டையும் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பட்டர் தவிர மற்றவை 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2022 சனவரி முதல், போட்டி நடத்துவோர் விரும்பினால் அந்த உச்சவரம்பை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஃபில் மிக்கெல்சன் 47.9 அங்குல டிரைவருடன் பிஜிஏ வாகையர் பட்டத்தை வென்றிருந்தார். மறுபுறம், பிரைசன் டிஷாம்போ தம் அயர்ன்கள் அனைத்தையும் 37.5 அங்குலம் என்ற ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு 2020-இலும் 2024-இலும் அமெரிக்கப் பொதுப் பட்டத்தை வென்றார். ஆக, கடை அளவு என்பது ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. அது வேதவாக்கு அன்று.

அளக்கும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். மட்டையை ஆடும் நிலையில் தரையில் அமர்த்தி, குதிகால் பக்கம் தரையைத் தொடும் இடத்திலிருந்து தண்டின் பின்புறமாகக் கைப்பிடியின் உச்சி வரை அளப்பது பட்டறை வழக்கம். அதிகாரப்பூர்வ அளவீட்டில் தண்டை 60 பாகைச் சாய்வில் வைப்பார்கள். தண்டு மட்டும் எவ்வளவு என்று அளப்பது மட்டையின் நீளம் ஆகாது.

நமக்கு வேண்டிய நீளம்

உயரத்தை மட்டும் பார்த்து மட்டையின் நீளத்தை முடிவு செய்வது பலர் செய்யும் தவறு. ஐந்தடி எட்டு அங்குலம் உள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாகவும் மற்றவருக்குக் குட்டையாகவும் இருக்கலாம். கை நீளமானவருக்கு மட்டை குட்டையாக இருந்தாலே போதும். எனவே மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும்.

ஆடும்போது அணியும் காலணியுடன் நிமிர்ந்து நில்லுங்கள். இரு கைகளையும் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை வேறொருவரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். நாமே குனிந்து அளந்தால் அளவு மாறிவிடும். மட்டை பொருத்துநர் பயன்படுத்தும் பட்டியல்களில் ஒன்றின்படி, இத்தூரம் 29 முதல் 32 அங்குலம் என்றால் 5-ஆம் எண் அயர்ன் 37 அங்குலமும், 32 முதல் 34 என்றால் 37.5 அங்குலமும், 34 முதல் 36 என்றால் 38 அங்குலமும் பொருந்தும். மற்ற அயர்ன்களை அரை அங்குலப் படிகளில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

என் அளவு 33 அங்குலம். ஆகவே எனக்கு வேண்டிய 7-ஆம் எண் அயர்ன் 36.5 அங்குலம். பெரியப்பாவின் மட்டை 37 இருந்தது. நான் வெட்டியிருக்க வேண்டியது அரை அங்குலம். வெட்டியதோ இரண்டு அங்குலம்!

பட்டியலோடு நின்றுவிடவும் கூடாது. மட்டையை அரை அங்குலமோ ஓர் அங்குலமோ கீழிறக்கிப் பிடித்து இருபது பந்துகள் அடித்துப் பாருங்கள். தலையின் முகத்தில் ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தால் பந்து பட்ட இடம் தடமாகப் பதியும். தடங்கள் நடுவில் குவிந்தால் அந்த நீளம் உங்களுக்கு ஏற்றது. வெட்டாமலேயே செய்யக்கூடிய சோதனை இது.

ஓர் அங்குலம் எதையெல்லாம் மாற்றுகிறது?

முதலாவது, வீச்சு எடை. கடைக்காரர்கள் இதைச் ‘சுவிங் வெயிட்’ என்பார்கள். மட்டையின் மொத்த எடை வேறு. வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றுகிறது என்பது வேறு. இதை அளக்கத் தனித் தராசு உண்டு. பிடிமுனையிலிருந்து 14 அங்குலத்தில் மட்டையைத் தாங்கி, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று அது பார்க்கும். அளவை ‘சி-9’, ‘டி-0’, ‘டி-1’ என்று எழுத்தும் எண்ணுமாகச் சொல்வார்கள். ஓர் எழுத்துக்குள் பத்துப் புள்ளிகள். ஆண்களுக்கான மட்டைகள் பெரும்பாலும் ‘டி-0’ முதல் ‘டி-2’ வரை அமையும்.

நீளத்தில் அரை அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் குறையும்; கூடினால் மூன்று கூடும். ‘டி-1’ ஆக இருக்கும் மட்டையில் இரண்டு அங்குலம் வெட்டினால் பன்னிரண்டு புள்ளிகள் இறங்கி ‘பி-9’ ஆகிவிடும். தலை இருப்பதே தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். தலையில் ஏறத்தாழ 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி ஏறும். பன்னிரண்டு புள்ளிகளை மீட்க 24 கிராம் ஈயம் ஒட்ட வேண்டும். அரை அங்குலம் வெட்டியவர் 6 கிராமில் சரிசெய்துவிடலாம். இரண்டு அங்குலம் வெட்டியவருக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது, சாய்கோணம். பந்தின் முன் நிற்கும்போது மட்டைத் தலையின் அடிப்பகுதி தரையோடு சமமாக அமைய வேண்டும். நீளம் அரை அங்குலம் கூடினால் தண்டு ஏறத்தாழ ஒரு பாகை செங்குத்தாக நிற்கும். தலையின் முன்விரல் பகுதி மேலே தூக்கும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். நீளம் குறைந்தால் இதற்கு மாறாக முன்விரல் பகுதி தரையில் குத்தும்; பந்து வலப்பக்கம் போகும். பெரியப்பாவின் ‘கோணல் கை’க்கும் என் ஓட்டைக் கணக்குக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது.

மூன்றாவது, விறைப்பு. தண்டு எங்கும் ஒரே தடிமன் உடையது அன்று. தலைமுனை மெலிந்தது, வளைவு பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் உணரப்படுகிறது. தலைமுனையில் வெட்டினால் மெலிந்த பகுதி குறைந்து தண்டு தெளிவாக விறைத்துவிடும். பிடிமுனையில் வெட்டினால் விறைப்பில் சிறு மாற்றமே ஏற்படும். ஆகவே, இருக்கும் மட்டையின் நீளத்தைக் குறைக்க விரும்புவோர் பிடிமுனையில்தான் வெட்ட வேண்டும்.

புதிய தண்டு பொருத்தும்போது மட்டுமே தலைமுனையைப் பற்றிய பேச்சு எழும். அயர்ன் தண்டுகளில் இரு வகை உண்டு. தலைமுனை சீரான 0.370 அங்குல விட்டம் கொண்ட வகையில், எந்த எண் மட்டைக்கு எவ்வளவு நுனி வெட்ட வேண்டும் என்று நிறுவனமே பட்டியல் தரும். அதன்படி வெட்டிவிட்டு, மீதியைப் பிடிமுனையில் வெட்டி நீளத்தை முடிக்க வேண்டும். மற்றொரு வகை 0.355 அங்குலமாகக் கூம்பி முடியும். இவ்வகையை ஒவ்வோர் எண்ணுக்கும் தனி நீளத்தில் ஆலையிலேயே செய்கிறார்கள்; இதன் நுனியைத் தொடவே கூடாது.

வெட்டும் முறை

தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஓர் அறிவு உண்டு. வெட்டு மேலோட்டமாக இருந்தால் பால் குறையும். சற்றே ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்தப் பட்டை சரியாக வளராமல் போய்விடும். தண்டு வெட்டுவதற்கும் அதே நிதானம் வேண்டும். குறைவாக வெட்டினால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். கூடுதலாக வெட்டியதை ஒட்டவைப்பது தனி வேலை.

1. கைப்பிடியைக் கழற்றுதல்: கொக்கி வடிவக் கத்தியால் கைப்பிடியை நீளவாக்கில் கீறி உரிக்கலாம். கத்தியை எப்போதும் உடலுக்கு எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். கிராஃபைட் தண்டில் நேர்க்கத்தியை அழுத்தினால் இழை வெட்டுப்படும். பழைய ஒட்டுநாடாவைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள்.

2. குறியிடுதல்: இருக்கும் மட்டையைக் குறைக்கும்போது, குறைய வேண்டிய அளவையே பிடிமுனையிலிருந்து அளந்து குறியிட்டால் போதும். புதிய தண்டு என்றால் கைப்பிடி மூடியின் தடிமன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளத்தில் சேரும். அதைக் கழித்துக் குறியிட வேண்டும். இரு முறை அளந்து ஒரே விடை வந்த பிறகு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

3. எஃகுத் தண்டை வெட்டுதல்: குழாய் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் பைப் கட்டர் போதும். குறியில் பொருத்தி, சுற்றுக்கு ஒரு முறை சிறிது சிறிதாக இறுக்கிச் சுழற்றினால் நேர்த்தியாக அறுந்து விழும்.

4. கிராஃபைட் தண்டை வெட்டுதல்: இதற்குப் பைப் கட்டரைப் பயன்படுத்தவே கூடாது, அது இழையை நசுக்கிவிடும். குறியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய பற்கள் கொண்ட ரம்பத்தால் தண்டைச் சுழற்றிச் சுழற்றி அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்தால் முடியும் இடத்தில் இழை பிரிந்து நார்நாராகக் கிழியும். கார்பன் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து திறந்த இடத்தில் செய்யுங்கள்.

5. விளிம்பைத் தேய்த்தல்: வெட்டிய எஃகு விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருக்கும். அரத்தால் தேய்க்காமல் விட்டால் சில வாரங்களில் அது கைப்பிடியின் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

6. கைப்பிடியை மாட்டுதல்: இருபக்க ஒட்டுநாடாவைச் சுற்றி, ஒயிட் ஸ்பிரிட் போன்ற கரைப்பானைக் கைப்பிடிக்குள் ஊற்றிக் குலுக்கி, நாடாவின்மேலும் தடவி, ஒரே மூச்சில் தள்ள வேண்டும். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. கிராஃபைட் தண்டில் வெட்டிய இடம் முன்பைவிட மெலிந்திருந்தால் நாடாவைக் கூடுதல் சுற்றுச் சுற்றித் தடிமனை ஈடுசெய்யலாம். சில மணி நேரமாவது காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும்.

நீட்டும் முறை

தண்டை நீட்ட ‘எக்ஸ்டென்டர்’ என்னும் இணைப்புத் துண்டு கிடைக்கிறது. பிளாஸ்டிக், அலுமினியம், எஃகு, கிராஃபைட் எனப் பல பொருள்களில் உண்டு. ஒரு பகுதி தண்டுக்குள் நுழையும். மறுபகுதி வெளியே நின்று தண்டின் தொடர்ச்சியாக அமையும். வாங்கும் முன் தண்டின் பிடிமுனை விட்டத்தை அளந்து செல்ல வேண்டும். எஃகு அயர்ன் தண்டுகளில் 0.600, 0.580 அங்குல அளவுகள் பரவலாக உண்டு. துண்டு தளர்வாக ஆடினால் பசையை மட்டும் நம்பி ஒட்டக் கூடாது.

தண்டின் உட்புறத்தையும் துண்டையும் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். இரு பகுதிகளைக் கலக்கும் எபோக்சி பசையை இரு பரப்புகளிலும் பூசி, துண்டைச் சுழற்றியபடி செலுத்தி, வழியும் பசையைத் துடைத்துவிட வேண்டும். பிறகு மட்டையை அசையாமல் 24 மணி நேரம் வைத்திருங்கள். நம் ஊர் வெப்பத்தில் பசை விரைவில் இறுகிவிட்டது போல் தோன்றும். தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது. இறுகிய பின் வெளியே நிற்கும் பகுதியைத் தேவையான நீளத்துக்கு வெட்டிக் கைப்பிடியை மாட்டலாம்.

ஓர் அங்குலம் வரை நீட்டுவது பாதுகாப்பானது. இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இணைப்பு கைக்கு அடியிலேயே வருவதால், உடைந்தால் கூரிய முனை உள்ளங்கையில் பாயும். மரக்குச்சியைச் செதுக்கி உள்ளே அடித்து நீட்டும் பழைய வழக்கத்தை இதனாலேயே கைவிட வேண்டும். நீட்டும்போது வீச்சு எடை கூடும், சாய்கோணம் செங்குத்தாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

பிள்ளைகளின் மட்டை

வீட்டில் தம்பி, தங்கைக்குக் கோல்ஃப் ஆசை வந்தால் அப்பாவின் மட்டையைப் பாதியாக வெட்டிக் கொடுப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் பெரியவரின் மட்டைத் தலை கனமானது, தண்டும் தடித்தது. பல அங்குலம் வெட்டிய பிறகு அந்தத் தண்டு சிறுவன் கையில் துளியும் வளையாத இரும்புக் கம்பியாகிவிடும். கனத்தைத் தூக்க முடியாத பிள்ளை உடலைப் பின்னால் சாய்த்து வீசப் பழகும். அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் போகாது. இலேசான தலையும் மெல்லிய தண்டும் கொண்ட சிறுவர் மட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும், வெட்டிய மட்டைகள் ஏழைவிட அது மேல். சற்று வளர்ந்த பிள்ளைக்கு, பெண்களுக்கென்று செய்யப்படும் இலேசான மட்டையை ஓர் அங்குலம் குறைத்துக் கொடுக்கலாம்.

வெட்டியதும் ஒட்டியதும்

மீண்டும் அந்த 7-ஆம் எண் அயர்னுக்கு வருகிறேன். மட்டை பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெரியவரிடம் அதைக் கொண்டுபோனேன். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, இது யாருடைய மட்டை என்று கேட்டார். பெரியப்பாவுடையது என்றேன். அப்படியானால் அவரை அழைத்து வா, மட்டைக்கு உரியவரை அளக்காமல் நான் கை வைக்க மாட்டேன் என்று மலாயில் சொன்னார்.

பெரியப்பாவிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவர் கோபப்படவில்லை. வெட்டிய மட்டையைக் கையில் வாங்கி, வெறுமனே ஒரு முறை வீசிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பட்டறையில் அவரை அளந்தபோது மணிக்கட்டிலிருந்து தரைக்கு 31 அங்குலம். அவருக்கு உரிய 7-ஆம் எண் அயர்ன் 36 அங்குலம். நான் 35 ஆக்கி வைத்திருந்ததை எஃகுத் துண்டு கொண்டு ஓர் அங்குலம் நீட்டினார்கள். தலையின் பின்புறம் 6 கிராம் ஈயப் பட்டை ஒட்டினார்கள். வயதுக்கு வீச்சு எடை சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது என்று முழுதாக ஈடுசெய்யவில்லை. பழைய மென்னெஃகுத் தலை என்பதால் சாய்கோணத்தையும் ஒரு பாகை தாழ்த்தினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சித் திடலுக்குப் போனோம். பெரியப்பா வழக்கம்போல் வலப்புறம் பார்த்து நின்று அடித்தார். பந்து அவர் பார்த்த திசையிலேயே, வலப்புறமே போனது. இரண்டாவது பந்தும் அப்படியே. மூன்றாவது பந்துக்குக் கால்களை மாற்றி வைத்து, நாற்பது ஆண்டுகளில் முதல் முறையாக, இலக்கை நேராகப் பார்த்து நின்றார். பந்து நேராகப் போய் விழுந்தது. அது விழுந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப கை கோணல் இல்லயாடா?” என்றார்.

நண்பர்களே, நமக்கு வாய்க்கும் கருவிகளில் பல, வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்தவையாக இருக்கலாம். அது பொருந்தாதபோது குறை நம்மிடம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மட்டையைக் கையில் எடுக்கும் முன் ஓர் அளவுநாடாவை எடுங்கள். உங்கள் மணிக்கட்டின் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். தேவை என்றால் வெட்டுங்கள். ஆனால் கால் அங்குலமாக, அரை அங்குலமாக, ஒவ்வொரு முறையும் அடித்துப் பார்த்து வெட்டுங்கள். பையில் மீதமிருக்கும் மட்டைகளை இப்போது ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கிறோம். குறியிடுவது பெரியப்பா, வெட்டுவது நான்.